ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது

சொந்த மனையில் காண்ட்ராக்ட் விட்டு வீடு கட்டுகிறவர்களுக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், உதவாது. எங்கள் காண்ட்ராக்ட்காரர் வீட்டை அரைகுறையாக விட்டுவிட்டபோது, கேட்ட இடத்திலெல்லாம் "ரெராவில போடுங்க" என்றே சொன்னார்கள். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் விற்பதற்காகக் கட்டும் புரமோட்டர்களுக்கானது. நம் மனையில், நம் பணத்தில், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டிக்கொடுக்கிறவர் சட்டத்தின் கண்ணில் சேவை தருபவர், அவ்வளவுதான். அவர்மீது போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். வீடு கட்டுமானம் 1993 திருத்தத்திலேயே 'சேவை' என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. 2019-இன் புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீடு காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில். 1,150 சதுர அடி, சதுர அடிக்கு 2,100 ரூபாய், மொத்தம் 24,15,000. அஸ்திவாரம், லிண்டல், ரூஃப், பூச்சு, டைல்ஸ் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம். 22 லட்சம் கைமாறியபின் ஆள் வருவது குறைந்தது. முதலில் பெயின்டர் வரவில்லை, பிறகு பிளம்பர் வரவில்லை, கடைசியில் மேஸ்திரியும் போனை எடுப்பதில்லை. மாடியில் மழைநீர் இறங்காமல் தடுக்கும் வெதரிங் கோர்ஸும் தட்டோடும் போடவில்லை. படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை, செப்டிக் டேங்குக்கு மூடி இல்லை, பின்பக்கச் சுவர் பூசாமல் செங்கல்லாகவே நின்றது. "ஆடி போகட்டும் டீச்சர், ஆவணியில ஆள் இறக்கிடுறேன்" என்றார் காண்ட்ராக்ட்காரர். ஆவணி போய், ஐப்பசி மழையில் ஹாலின் சீலிங்கில் ஈரம் படம்போலப் பரவியது. பேங்க்காரர்களோ, வேலை முடியாமல் கடைசித் தவணையை விடுவிக்க முடியாது என்றார்கள். ஒரு பக்கம் வட்டி, இன்னொரு பக்கம் வாடகை.

என் வீட்டுக்காரர் முதலில் ஸ்டேஷனுக்குத்தான் போனார். சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டுக் கொடுத்தார்கள். காண்ட்ராக்ட்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார்கள். அவரும் அங்கே பவ்யமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். "இது சிவில் மேட்டர் சார்" என்று எழுத்தர் சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது. அந்தச் சி.எஸ்.ஆர். நகலைத் தூக்கிப்போடாதீர்கள். நாம் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அதுவும் ஓர் அத்தாட்சி.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். ஒப்புகை அட்டையுடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். "வாங்க மறுத்தார்" என்று குறிப்பு எழுதித் திரும்பி வந்தது. பயப்பட வேண்டியதில்லை, மறுத்தாலும் அது சேர்ந்ததாகவே கணக்கு. கவரைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்தச் சொன்னார் வக்கீல்.

புகாரை இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காண்ட்ராக்ட்காரர் எந்த ஊராக இருந்தாலும் கவலையில்லை. நாம் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணத்தையும் எவ்வளவு கேட்கிறோம் என்று பார்த்து வாங்குவதில்லை, எவ்வளவு கொடுத்தோம் என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது; 20 முதல் 50 லட்சத்துக்கு 1,000 ரூபாய். நாங்கள் கட்டியது அந்த ஆயிரம்தான். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அப்போது இ-தாக்கில் என்ற தளம் இருந்தது, 2025-லிருந்து இ-ஜாக்ரிதி. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனாலும் இந்த மாதிரி அளவும் கணக்கும் நிறைந்த வழக்குக்கு ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

ஆவணங்களில் எங்களைக் காப்பாற்றியது ஒரு பழைய டைரி. பணம் கொடுக்கும்போதெல்லாம் தேதி, தொகை, எந்த வேலைக்கு என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவது எங்கள் மாமனாரின் பழக்கம். காண்ட்ராக்ட்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார். "என்ன பெரியப்பா, நம்பிக்கை இல்லையா?" என்பார். "ஞாபகம் இல்லப்பா" என்பார் மாமனார். ரொக்கமாகக் கொடுத்த ஏழு லட்சத்துக்கு அந்தப் பக்கங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வாட்ஸ்அப் செய்திகளையும் அச்செடுத்து வைத்தோம். அதோடு மின்னணுச் சான்று ஒன்று இணைக்க வேண்டும்; அப்போது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடியவில்லை, தரமில்லை என்று நூறு பக்கம் எழுதலாம். அளந்து ரூபாயில் சொல்லாதவரை ஆணையத்தால் ஒன்றும் செய்ய முடியாது. நாமே ஒரு பொறியாளரை வைத்து எடுத்த எஸ்டிமேட்டை, "இவங்க ஆளு, இவங்க சொன்னதை எழுதியிருக்காரு" என்று எதிர்த்தரப்பு ஒதுக்கிவிடும். அதனால் புகாரோடு சேர்த்தே, அட்வகேட் கமிஷனரை (ஆணையத்தின் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீல்) நியமித்து, பொறியாளர் துணையோடு வீட்டைப் பார்வையிட உத்தரவிடும்படி ஒரு மனுவும் போட்டோம். கமிஷனரின் பேட்டாவையும் பொறியாளரின் கட்டணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும். கட்டிய பணத்தில் எனக்கு உறுத்தாத பணம் அது ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால், கமிஷனர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது. சரிசெய்துவிட்டால் எதைக் காட்டுவது? மேலே ஒழுகுகிறது, கீழே வழக்கு. மாடி முழுக்கத் தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்து ஓட்டினோம்.

கமிஷனர் வருவதற்கு முன்பு, என்னென்ன பார்க்க வேண்டும் என்று மெமோ கொடுக்கலாம். இதை அலட்சியமாக விடாதீர்கள். மெமோவில் எழுதாததை அவர் தேடிப்பிடித்துப் பார்க்க மாட்டார். அறை அறையாக எழுதிக் கொடுத்தோம்.

வந்த பொறியாளர் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். அதிகம் பேசவில்லை. பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு நின்றார். தண்ணீர் ட்ராப் பக்கம் போகாமல் நேராகக் கதவை நோக்கி வந்து படுக்கையறை டைல்ஸில் ஏறியது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், குமிழி ஓரத்துக்குப் போனது. சாவிக்கொத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். பொக்கென்று கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம். படிகளை அளந்தார்: முதல் படி ஐந்தரை அங்குலம், கடைசிப் படி எட்டு. காண்ட்ராக்ட்காரரும் வந்திருந்தார். "சார், இது ஒரு கொத்தனார் அரை நாள்ல பாக்குற வேலை" என்றார். பொறியாளர் நிமிராமலே எழுதினார்: டைல்ஸைப் பெயர்த்து, வாட்டம் கொடுத்துத் தளம் போட்டு, மறுபடி பதிக்க வேண்டும், பக்கத்திலேயே சதுர மீட்டரும் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலின் ரேட்டும். அந்த அறிக்கை சி1 என்று குறியீடு செய்யப்பட்டது. அதற்குப் பின் வழக்கில் பேச்செல்லாம் சி1-ஐச் சுற்றித்தான்.

எதிர்த்தரப்பு பதிலுரைக்கு 30 நாள், கூடுதலாக 15 நாள். அந்த 45-க்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. இவர் கடைசி நேரத்தில் தாக்கல் செய்தார். சிமென்ட் விலை ஏறிவிட்டதாம், நாங்கள் பணத்தை இழுத்தடித்தோமாம், கூடுதல் வேலைக்கு நாங்கள்தான் பாக்கியாம். கூடுதல் வேலை என்றது முழுப் பொய் இல்லை. லாஃப்ட் இரண்டும், போர்டிகோவில் கொஞ்சமும் நாங்கள் கேட்டுத்தான் செய்தார். அதையும், ஒப்பந்தப்படி நாங்கள் இன்னும் தராத 2,15,000-ஐயும் கழித்தேதான் புகாரில் கேட்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அதில் மனமே இல்லை, ஆனால் வக்கீல் பிடிவாதமாக இருந்தார். காண்ட்ராக்ட்காரரின் பெரிய வாதம் அதனாலேயே உப்புச் சப்பில்லாமல் போனது.

வழக்கை முடிக்கச் சட்டத்தில் 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி யாரும் காலண்டரைக் கிழிக்க வேண்டாம்.

உத்தரவு வந்தது. மிச்ச வேலைக்கும் திருத்த வேலைக்கும் சி1-படி 6,90,000. அதில் நாங்கள் தர வேண்டிய 2,15,000, கூடுதல் வேலைக்கு 60,000 போக 4,15,000. வாடகைக்கு 72,000. மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டோம், 50,000 கொடுத்தார்கள். செலவுத்தொகை 10,000. ஆக 5,47,000; இரண்டு மாதத்தில் தராவிட்டால் 9 சதவீத வட்டி. மன உளைச்சல் தொகையைப் பார்த்து எனக்கு முகம் சுருங்கியது உண்மை. வக்கீலோ, "ரசீது இருந்த வாடகை வந்துச்சு பாருங்க" என்றார். வாடகை மாதாமாதம் வங்கி வழியாகப் போயிருந்ததால் அதில் தகராறே எழவில்லை.

காண்ட்ராக்ட்காரர் அப்பீல் போகவில்லை. மாநில ஆணையத்துக்கு 45 நாளுக்குள் போகலாம்தான், ஆனால் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும். பணமும் தரவில்லை. சொத்தை ஜப்தி செய்து வசூலிக்க 71-ஆவது பிரிவு இருக்கிறது. உத்தரவை மதிக்காதவருக்கு 72-இல் ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, இல்லையென்றால் 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாங்கள் இரண்டிலும் மனு போட்டோம். போனை எடுக்காதவர், 72-இன் சம்மன் போனதும் தானே கூப்பிட்டார். "டீச்சர், பேசித் தீத்துக்கலாமே, கொஞ்சம் குறைச்சுக்குங்க." வட்டியை மட்டும் விட்டுக்கொடுத்தோம். மூன்று டி.டி.யாக ஆணையத்தின் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, முழுத் தொகையும் வந்தபிறகே மனுவை முடித்துக்கொள்ள மெமோ கொடுத்தோம். முதல் டி.டி.யைக் கொடுத்துவிட்டு "மனுவை வாபஸ் வாங்குங்க" என்று கேட்பார்கள், இளகாதீர்கள்.

அடுத்தவர் கைவைத்த வீட்டுக்குள் வர எந்தக் கொத்தனாரும் யோசிக்கிறார். வந்தாலும் ரேட் கூடத்தான். சி1-இல் பாத்ரூமுக்குப் போட்டிருந்த தொகையில் முக்கால்வாசி வேலைதான் நடந்தது, மிச்சம் எங்கள் கையிலிருந்து. தட்டோடு பதித்தாகிவிட்டது. காம்பவுண்ட் சுவர் மட்டும் இன்னும் எழும்பவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, அது ஒப்பந்தத்திலேயே இல்லை.