ஹெதாஃபேயின் வானதூதர் குன்று

ஸ்பெயினுக்குத் திருப்பயணம் என்றதும் எல்லோரும் "சாந்தியாகோவுக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். ஹெதாஃபே என்று சொன்னால் கால்பந்து பார்க்கிறவர்கள் மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மாட்ரிட்டுக்குத் தெற்கே, அட்டோச்சா நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடும் ஊர் அது. ஏர்பஸ் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், பல்கலைக்கழகம், வரிசை வரிசையாக அடுக்குமாடிக் குடியிருப்புகள். வெளிப்பார்வைக்கு ஒரு பக்தித் தலம் என்று தோன்றவே தோன்றாது.

ஊருக்குள் மகதலா மரியாவின் பேராலயம் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பங்குக் கோயில், 1991-இல் ஹெதாஃபே தனி மறைமாவட்டமானபோது பேராலயம் ஆனது. பீடத்துக்குப் பின்னால் எழும் பெரிய மரவேலைப்பாட்டில் மகதலா மரியாவின் வாழ்க்கை ஓவியங்களாக இருக்கிறது. பக்கப் பீடங்களில் அலோன்சோ கானோவின் ஓவியங்களும் உண்டு. பார்க்க வேண்டியவைதான். ஆனால் என் மனமெல்லாம் ஊருக்கு வெளியே இருக்கும் குன்றின் மேலேயே இருந்தது.

செரோ தெ லோஸ் ஆங்ஹெலெஸ், அதாவது வானதூதர் குன்று. பெரிய மலையெல்லாம் இல்லை. சுற்றிலும் சமவெளி என்பதால் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. ஐபீரியத் தீபகற்பத்தின் நடு மையம் இதுதான் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பைன் மரங்களுக்கு நடுவே ஏறிப் போனால் உச்சியில் அகலமான ஒரு வெளி. ஒரு பக்கம் இயேசுவின் திரு இருதய நினைவுச்சின்னம். அதற்கு நேர் எதிரே இடிந்த கற்குவியலாக இன்னொரு நினைவுச்சின்னம்.

அந்த இடிபாட்டின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். மக்கள் நன்கொடையில் எழுப்பிய முதல் சின்னம் அது. 1919 மே 30 அன்று அரசர் 13-ஆம் அல்ஃபோன்சோ இங்கே நின்று, ஸ்பெயின் நாட்டையே திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கும் மன்றாட்டை வாசித்தார். 'ஸ்பெயினில் நான் அரசாள்கிறேன்' என்று பொருள்படும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. 1936-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. சின்னத்துக்குக் காவலாக வந்திருந்த ஐந்து பேர் ஜூலை 23-இல் கொல்லப்பட்டார்கள். சில நாளில் குடியரசுத் தரப்புப் போராளிகள் வரிசையாக நின்று இயேசுவின் சிலையை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்தப் புகைப்படம் உலகம் முழுவதும் போனது. ஆகஸ்டில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். குன்றுக்கே 'செங்குன்று' என்று பெயர் மாற்றினார்கள்.

சிதைந்த உருவங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மனசு கனக்கிறது. ஒன்றையும் சொல்ல வேண்டும்: அரசரும் திருச்சபையும் இவ்வளவு நெருங்கி நின்றதால்தான் ஒரு தரப்பின் கோபம் கல்லின் மேல் பாய்ந்தது என்பதும் உண்மை. போருக்குப் பின், அதில் வென்று நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோவின் காலத்தில், 1965-இல் திறக்கப்பட்ட புதிய சின்னத்திலும் அந்த நெருக்கம் தெரிகிறது. அடிப்பகுதிச் சிற்பக் கூட்டங்களில் புனிதர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்பெயினின் வெற்றி வீரர்களும் நிற்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. நல்லவேளை, இடிபாட்டை அப்புறப்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இடம் புரிகிறது.

சரி, ஜெபிக்க எங்கே போவது என்றால், சின்னத்துக்கு அடியில் ஒரு கோயில் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது பக்கத்திலுள்ள பழைய மாதா கோயில்தான். வானதூதர்களின் அன்னை ஹெதாஃபேயின் பாதுகாவலி. ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளான வியாழக்கிழமை அன்னையை அலங்கார வண்டியில் குன்றிலிருந்து இறக்கி ஊருக்குள் கொண்டு போகிறார்கள். பேராலயத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டு அன்னை மறுபடியும் மேலே போகிறாள். அந்த நாட்களில்தான் ஊர்த் திருவிழா. கோயில் பக்கமே வராதவர்கள்கூட அன்னை இறங்குகிற அன்று தெருவில் நிற்பார்களாம்.

கோயிலுக்கு அருகிலேயே கார்மேல் மடம், வெளியே வராமல் ஜெபத்திலேயே வாழும் கன்னியரின் இல்லம். 1924-இல் புனித மரவில்லாஸ் சில கன்னியருடன் ஹெதாஃபேக்கு வந்தார். குன்றின் மேல் மடம் எழுந்தது 1926-இல். திரு இருதயத்தின் அருகிலேயே இருந்து நாட்டுக்காக இரவும் பகலும் வேண்டுதல் செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். 1936-இல் கன்னியர் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த 1939-இலேயே இடிந்து கிடந்த மடத்துக்குத் திரும்பி, மறுபடி கட்டினார்கள். மடத்தின் அடைப்பைத் தாண்டாமலேயே ஏழைகளுக்கு வீடும் பள்ளியும் கிடைக்க ஏற்பாடு செய்தவர் மரவில்லாஸ். 1974-இல் ஹெதாஃபே எல்லைக்குள்ளேயே இருக்கும் லா ஆல்தெஹுவெலா மடத்தில் இறந்தார், அடக்கமும் அங்கேதான். 2003-இல் இரண்டாம் ஜான் பால் மாட்ரிட்டில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு உறவு இருக்கிறது. 1933-இல் இந்தக் குன்று மடத்திலிருந்து கன்னியர் சிலர் கப்பலேறிக் கேரளத்தின் கோட்டயத்துக்கு வந்து ஒரு கார்மேல் மடம் தொடங்கினார்கள். மூன்று வருஷத்தில் தாய் மடம் காலியாகப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? குன்றில் விளக்கு அணைந்திருந்த அந்த வருஷங்களிலும் கோட்டயத்தில் அதே ஜெபமாலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

போக நினைப்பவர்கள் விண்ணேற்றத் திருநாளை ஒட்டிப் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம், காஸ்தீலிய வெயில் பொல்லாதது. குன்றையும் பேராலயத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். லா ஆல்தெஹுவெலா தள்ளி இருக்கிறது, அதற்கு வண்டி வைத்துக்கொள்வதுதான் நல்லது.