மாம்பழம் கிடைக்காதவன பாக்க நடந்தே போனேன்

வேண்டுதல் என்னோடது இல்ல, அம்மாவோடது. ரெண்டு வருஷம் முன்னாடி வேலை இல்லாம வீட்ல கெடந்தப்ப "முருகா, இவனுக்கு ஒரு வேலைய குடு, தைப்பூசத்துக்கு உன் பழனி மலைக்கு நடந்தே வருவான்"னு மஞ்சத்துணில காசு முடிஞ்சு வச்சிருச்சு, நடக்கப்போற காலு யாரோடதுன்னு ஒரு வார்த்த கேக்கல. வேலை கெடச்சுது, லீவு தான் கெடைக்கல. 2025 ஜனவரில டீம் லீட் போஸ்டிங் எனக்குத்தான்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, நைட் ஷிப்ட்டா பாத்து தள்ளுனதும் நான் தான், கடைசில மேனேஜர் கேபின சுத்திக்கிட்டே இருந்த ஒருத்தனுக்கு போயிருச்சு. அந்த கடுப்புல லீவு போட்டேன், உடனே அப்ரூவ் ஆச்சு.

பிப்ரவரி 11 தைப்பூசம், கூட்டத்துக்கு பயந்து எங்க குரூப்பு 4ஆம் தேதியே மதுரைல இருந்து கெளம்பிருச்சு. கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தான் ஃபுட்பால்ல என் டீமு ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டிய 5-1ன்னு பொளந்தாய்ங்க. மாலை போட்டுட்டு இதெல்லாம் பாக்கலாமாடான்னு அம்மா கேட்டுச்சு, எங்க 18 வயசு பையன் லூயிஸ்-ஸ்கெல்லி கோல் போட்டுட்டு, சிட்டிகாரன் ஹாலண்ட கிண்டல் பண்ண அவன் ஸ்டைல்லயே கிரவுண்ட்ல தியானத்துல உக்காந்தான் பாருங்க, அத காட்டி பாரும்மா எவ்வளவு பக்தியான டீமுன்னு சமாளிச்சேன்.

முதல் நாள் ஜாலி. பச்சை வேட்டி, கைல போலீஸ் குடுத்த ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுன குச்சி, மைக்குல பாட்டு போட்ட வேன் பின்னாடியே. ரெண்டாவது நாள் தான் காலு பேச ஆரம்பிச்சுது. ஃபுட்பால் ஆடுற எனக்கு நடக்க தெரியாதான்னு நெனச்சவனுக்கு குதிகால்ல ரெண்டு, பெருவிரலுக்கு கீழ ஒண்ணு, நல்லா தண்ணி கோத்த கொப்புளம். ராத்திரி திண்டுக்கல்லுக்கு முன்னாடி ஒரு மண்டபத்துல ஒரு ஆத்தா ஊசில நூல கோத்து கொப்புளத்துக்குள்ள விட்டு நூல அப்படியே விட்ருச்சு, தண்ணி வடிஞ்சிரும்யா, காலைல பறப்பன்னு சொல்லுச்சு. எரிச்சல்ல தூக்கம் வரல. மணி ஒண்ணரைக்கு ஆர்சனலுக்கு நியூகாசில் கூட லீக் கப் செமி ஃபைனல், ரெண்டு மேட்ச்ல ரெண்டாவது லெக். சார்ஜ் இல்லாம ஸ்கோர மட்டும் பாத்துட்டு இருந்தேன். முதல் லெக்ல 2-0, இங்கயும் 2-0, மொத்தமா 4-0ன்னு தோத்துட்டோம். மேட்ச் முடிஞ்ச விசிலும் குருசாமி எந்திரிங்கடான்னு அடிச்ச விசிலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்.

இருட்டுல நடக்கும்போது பக்கத்துல லாரி ஓட்டுற அண்ணன் ஒருத்தரு, என்ன தம்பி மூஞ்சி இப்டி இருக்குன்னாரு. சொன்னேன். உன் டீமு எப்ப கடைசியா லீக் அடிச்சுதுன்னு கேட்டாரு. 2004ண்ணே, ஒரு மேட்ச் கூட தோக்காம, 26 ஜெயிச்சு 12 டிரா. அப்போ நான் மூணு வயசு பையன். அப்புறம்? அப்புறம் 2023ல 248 நாள் டாப்ல இருந்துட்டு ரெண்டாவது, 2024ல 89 பாயிண்ட் எடுத்தும் ரெண்டாவது, ரெண்டு பாயிண்ட்ல போச்சு. அண்ணன் சத்தமா சிரிச்சாரு. "அட, நீ சரியான எடத்துக்குத்தான்யா நடக்குற. அவனும் ரெண்டாவது வந்தவன் தான?"

அதோட அவரு பீடி பத்த வைக்க ஒதுங்கிட்டாரு, எனக்கு தான் அது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. சின்ன புள்ளைல இருந்து கேட்ட கதை தான், ஆனா இப்படி யோசிச்சதே இல்ல. உலகத்த சுத்தி வரணும்னு ரூல் போட்டாங்க, மயில் மேல ஏறி நெசமாவே சுத்திட்டு வந்தவன் முருகன். அண்ணன்காரன் அப்பா அம்மாவ ஒரு சுத்து சுத்திட்டு பழத்த வாங்கிட்டாரு (பிள்ளையாரப்பா கோச்சுக்காத). ஃபுட்பால்ல வீடியோ பாத்து தீர்ப்ப மாத்துற விஏஆர் இருந்திருந்தா என்ன ஆயிருக்குமோ. நம்ம ஆளு கோவிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கழட்டி போட்டுட்டு கோமணத்தோட மலையேறிட்டான். கப்பு தூக்குன அண்ணனுக்கு தெருவுக்கு தெரு கோயில் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா லட்சக்கணக்குல சனம் கொப்புளம் வெடிக்க நடந்து வர்றது பழம் கெடைக்காதவன பாக்க.

ஆர்சனல் ஜெயிக்கணும்னு நான் சாமிகிட்ட கேட்டதில்ல. எப்படி கேக்குறது, நியூகாசில்காரனும் 1955க்கு அப்புறம் அப்ப வரைக்கும் உள்ளூர் கப்பு ஒண்ண கண்ணால பாக்கல, அவன் வீட்டு கெழவி எவ்வளவு வேண்டிருக்கும். டீம் லீட் போஸ்டிங்குக்கு கேக்கலாம்னு தான் கெளம்பும்போது நெனப்பு. ஒட்டன்சத்திரம் தாண்டி மலை கண்ணுக்கு தெரிஞ்சு எல்லாரும் அரோகரான்னு கத்துனப்ப தொண்டை அடைச்சிருச்சு, என்ன கேக்க வந்தோம்னு ஞாபகம் இருந்துச்சு, கேக்க கூச்சமா இருந்துச்சு.

அடிவாரத்துல ஆரம்பிச்சாய்ங்க. செருப்ப இங்க விடு, தட்டு வாங்கு, ஸ்பெஷல் வழில அஞ்சு நிமிஷத்துல தரிசனம்னு கைய புடிச்சு இழுக்குறது, நொண்டிட்டு வர்றவன் கால கூட பாக்க மாட்டேங்குறாய்ங்க. இது மட்டும் மாறவே மாறாது போல. செல்போன கவுண்டர்ல குடுத்துட்டோம், 2023 அக்டோபர்ல இருந்து மேல போன் கெடையாது, அது ரொம்ப நல்ல விஷயம், கூட்டத்துல கைய தூக்கி படம் புடிக்கிறவன் இல்லாம சாமிய பாக்கலாம். திருஆவினன்குடில கும்பிட்டுட்டு, பஸ்ல வந்து காத்திருந்த அம்மாவையும் கூட்டிட்டு படி ஏறுனோம். வின்ச்சுல வாம்மான்னா கேக்கல. 693 படி, இடும்பன் சன்னதி கிட்ட உக்காந்தப்ப என் கால பாத்து அழுதுச்சு. நீ தானம்மா வேண்டுனன்னேன்.

சாயரட்சை நேரம், ராஜ அலங்காரம். வரிசைல மூணு மணி நேரம் நசுங்கி, பின்னாடி ஒருத்தரு முழங்கைய என் முதுகுல வச்சுட்டே வந்து, கடைசில சன்னதி முன்னாடி நின்னது எவ்வளவுன்னு சொல்லத் தெரியல, நகருங்க நகருங்கன்னு தள்ளுறதுக்குள்ள பாத்துட்டேன். கிரீடம், பட்டு, கைல அதே தண்டம். கோமணத்த பாக்கணும்னு தான் ஆசப்பட்டேன், ஆனா ராசாவா நின்னுட்டு சிரிக்கிறான். தோத்தவன் மாதிரியாடா இருக்கேன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு எனக்கு. போஸ்டிங், கப்பு ஒண்ணும் வாய்ல வரல, "நல்லா இருக்கியா முருகா"ன்னு கேட்டுட்டேன், சத்தமாவே. பக்கத்துல அம்மா "அவன போய் நலம் விசாரிக்கிறான் பாரு"ன்னு அழுதுகிட்டே சிரிச்சுது.

ஊசி நூல் போட்ட ஆத்தா யாருன்னே தெரியல, பேர் கூட கேக்கல, அது நல்லா இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டோரத்துல சுக்கு காபி ஊத்துன பசங்க, பொங்கல கைல திணிச்ச குடும்பம், நான் விழப்போனப்ப கைத்தாங்கலா புடிச்ச பேர் தெரியாத சாமி, எல்லாரையும் அவன் பாத்துக்கட்டும். பஞ்சாமிர்தம் டப்பா ஒண்ண டீம் லீட் ஆனவனுக்கும் குடுத்தேன், நல்லா தான் சாப்ட்டான். அப்ப லீக்ல லிவர்பூல் மேல ஓடிட்டு இருந்தான், நம்ம பயலுக பின்னாடி ஓடிட்டு இருந்தாய்ங்க, நான் பாத்துட்டு தான் இருந்தேன். காலு இன்னும் முழுசா ஆறல. அடுத்த தைப்பூசத்துக்கு லீவு வேணும்னு இப்பவே மெயில் போட்டுட்டேன், இந்த தடவ வேண்டுதல் எதுவும் இல்ல. அரோகரா.