இரண்டு நாள் தாமதமும் நாலு ஐரிஷ்காரர்களும்

2024 ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வாசலில் கனமான உறை ஒன்று கிடந்தது. பிரித்தால், ஐரிஷ் இசைக்குழு ஒன்றுக்கு விசா கேட்டு அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு நாங்கள் அனுப்பிய மனுக்கட்டு, காசோலையோடு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. மேலே ஒரே ஒரு தாள்: படிவம் பழைய பதிப்பு, ஏற்க முடியாது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

இது நானே போய் மாட்டிக்கொண்டது. ஒஹாயோவில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஐரிஷ் விழாவுக்குப் பதினோரு வருடமாகத் தொண்டு செய்கிறேன். மகள் பள்ளித் தோழியோடு ஐரிஷ் நடனம் கற்கப் போனதில் ஆரம்பித்தது. அவள் இரண்டு வருடத்தில் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. முதலில் கார் நிறுத்துமிடம், அப்புறம் பீர் டோக்கன் கவுன்ட்டர், அப்புறம் கமிட்டி.

2023 நவம்பர் கூட்டத்தில், அயர்லாந்தின் கிளேர் கவுன்ட்டியிலிருந்து நாலு பேர் கொண்ட இசைக்குழுவை வரவழைக்க முடிவானது. விசா வேலையை யார் பார்ப்பது என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. “ஹெச்-1பி, கிரீன் கார்டு எல்லாம் பார்த்தவள் நீதானே!” என்றார் தலைவி. எழுபத்து நாலு வயது. விசா என்ற சொல்லையே அவர் குடும்பம் மறந்து மூன்று தலைமுறை ஆகிறது.

வெளிநாட்டவரை வேலைக்கு வரவழைக்க அனுப்பும் ஐ-129 படிவம் என் பெயரில் மூன்று முறை போயிருக்கிறது, உண்மைதான். ஆனால் நிரப்பியது கம்பெனி வக்கீல். “என் கேஸ் என்னாச்சு?” என்று வாரம் ஒருமுறை மெயில் போட்டதைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை. இப்போது குழுவிடமிருந்து அதே மாதிரி மெயில்கள் எனக்கு வர ஆரம்பித்தன. அன்று பதில் போடாத ஹெச்ஆர் பெண்ணை அந்த வசந்தத்தில் மனதார மன்னித்தேன்.

இதே வழியில் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை. கமிட்டியில் ஒரு பெரியவர் நிச்சயம் இருப்பார்: “ஐரிஷ்காரனுக்கு விசாவே வேண்டாமே, எஸ்டாவில் வந்து வாசித்துவிட்டுப் போகட்டும்” என்பார். கேட்காதீர்கள். எஸ்டா என்பது விசா இல்லாமல் வர இணையத்தில் வாங்கும் அனுமதி; சுற்றுலாவுக்கும் வியாபாரச் சந்திப்புக்கும்தான், சம்பளக் கச்சேரிக்கு இல்லை. போதாததற்கு, டப்ளினிலும் ஷானனிலும் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை விமானம் ஏறும் முன்பே அங்கேயே நடக்கிறது. பிடிலும் கையுமாக நிற்கிறவரை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மரபுக் கலைஞர்களுக்கான பி-3 விசாதான் நேர் வழி.

அதற்கு இரண்டு விஷயம் முக்கியம். இந்தக் கலை ஒரு பண்பாட்டுக்கே உரியது என்பதற்கு ஆதாரம் ஒன்று. குழுவில் ஒருவர் இல்லன் பைப்ஸ் வாசிப்பவர். வாயால் ஊதாமல் முழங்கைக்கு அடியில் துருத்தியை வைத்து அமுக்கி வாசிக்கும் ஐரிஷ் பைப். இல்லன் என்றாலே முழங்கைதான். அந்த வாசிப்பை 2017இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதை அச்சடித்து முதல் பக்கத்தில் வைத்தேன். இந்தப் பகுதியில் ஒரு கேள்வியும் வரவில்லை.

இன்னொன்று, இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம். அதில்தான் பணம் தெண்டமானது. குழுவின் போஸ்டரில் இருந்த பெயர்களைக் கொடுத்துக் கடிதம் வாங்கிவிட்டேன். பிறகு பாஸ்போர்ட் நகல் வருகிறது, நாலில் இரண்டு பெயர் வேறு! மேடையில் ஆங்கிலப் பெயர், பாஸ்போர்ட்டில் ஐரிஷ் பெயர். அதிலும் அந்த இருவர் கூடப்பிறந்த அண்ணன் தங்கை. அண்ணன் குடும்பப் பெயர் ‘ஓ’ என்று தொடங்குகிறது, தங்கையுடையது ‘நீ’ என்று. ஐரிஷ் மொழியில் ஆணுக்கு ஓ, கல்யாணமாகாத பெண்ணுக்கு நீ, அதற்கடுத்த எழுத்தும் மாறும். ஓ பிரீயன் வீட்டுப் பெண் நீ வ்ரீயன். (பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்.) அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு வந்து, முதல் விசாவில் எஃப்என்யு, அதாவது ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று முத்திரை வாங்கிய எனக்கே இது தோன்றாமல் போனதே! கடிதத்துக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். பாஸ்போர்ட் நகல் கைக்கு வராமல் எந்தத் தாளிலும் பெயர் எழுதாதீர்கள்.

இப்போது திரும்பி வந்த உறை. மார்ச் 27க்கே எல்லாம் தயார், தலைவியின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் ஈஸ்டருக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 31. செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 2, வந்து கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே தபாலில் சேர்த்துவிட்டுப் பெருமையாகக் கமிட்டிக்கு மெயிலும் போட்டேன். ஏப்ரல் 1 முதல் புதிய கட்டணம், புதிய படிவம். தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு. வேறு சில படிவங்களுக்குச் சலுகைக் காலம் இருந்தது, ஐ-129க்கு இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் பதிப்புத் தேதி இருக்கிறது. நாற்பது தடவை புரட்டிய கட்டு, ஒரு தடவைகூட அந்த மூலையைப் பார்க்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

460 டாலராக இருந்த கட்டணம் 1,015 ஆகியிருந்தது. லாப நோக்கற்ற அமைப்புக்கும் சிறிய நிறுவனத்துக்கும் 510. அதற்கு மேல் அகதிகள் திட்டக் கட்டணம் என்று புதிதாக ஒன்று: சிறிய நிறுவனத்துக்கு 300, லாப நோக்கற்ற அமைப்புக்கு இல்லை. நாங்கள் லாப நோக்கற்றவர்கள்தான், ஆனால் அதை நிரூபிக்கும் வருமான வரித்துறைக் கடிதம் எங்கே? தொண்ணூறுகளில் வந்ததாம். தலைவியின் கேரேஜில் பச்சைத் தோரணமும் ஈரம் பிடித்த பேனரும் அடைத்த பெட்டிகளில் ஒரு ஞாயிறு முழுக்கத் தேடினோம். கிடைத்தது ஒரு சோடா பிரெட் போட்டிக் கோப்பை. 2014 முதல் வந்த கடிதங்களை இணையத்திலேயே எடுக்கலாம், எங்களுடையது அதற்கு முந்தையது. கடைசியில் தொலைபேசியில் கேட்டதற்கே உறுதிக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு போனது போனதுதான்.

நாள் குறைந்துவிட்டதால், கூடுதல் கட்டணம் கட்டிச் சீக்கிரம் முடிவு வாங்கும் பிரீமியம் தவிர வழியில்லை: அன்றைக்கு 2,805 டாலர், 15 வேலை நாள். அதற்கு அப்போது தனிக் காசோலை கொடுக்க வேண்டியிருந்தது, சேர்த்து எழுதக் கூடாது. பொருளாளர் காசோலையைக் கிழித்துக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒப்புதல் வந்தது.

டப்ளின் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் ஜூலை இரண்டாம் வாரத்தில்தான் கிடைத்தது. சரியாக அந்த வாரம்தான் அவர்கள் ஊர்ப்பக்கம், மில்டவுன் மால்பேயில், வில்லி கிளான்சி கோடை இசைப்பள்ளி. 1973இலிருந்து நடக்கிறது, அந்த ஒரு வாரம் கிளேர் இசைக்காரர் யாரும் ஊரைவிட்டு அசையமாட்டார்கள். தேதி மாறுமா என்று தங்கைக்காரி கேட்டு மெயில் போட்டாள். மாறாது என்றேன். போனார்கள், அங்கே பத்து நிமிட வேலைதானாம்.

பைப்காரரின் பழைய கருவியில் யானைத் தந்த வளையங்கள். அதற்கு வேறு அனுமதி வாங்க எனக்குத் தெம்பில்லை. பித்தளைப் பூண் போட்ட இன்னொன்றைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். வெளிநாட்டுக் கலைஞர் சம்பளத்தில் 30 சதவீத வரிப் பிடித்தம் உண்டு என்பதை ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடுங்கள். நான் ஜூலையில் சொன்னேன். அந்த மெயிலுக்கு நாலு நாள் பதில் இல்லை.

ஆகஸ்டில் வந்தார்கள், நாலு பேரும். சனிக்கிழமை மாலை பெரிய கூடாரத்தில் முதல் கச்சேரி. டோக்கன் கவுன்ட்டரில் கார்டு மெஷின் நின்றுபோய் எனக்கு எதிரே முப்பது பேர் வரிசை, மேடைப் பக்கம் திரும்பக்கூட முடியவில்லை. பைப்பின் ரீங்காரம் மட்டும் கூடாரத் துணி வழியாகக் கேட்டது. இடைவேளையில் தலைவி வந்து என் தோளைத் தட்டி, அடுத்த வருடம் ஆறு பேரை அழைக்கலாமா என்றார். பாஸ்போர்ட் நகல் வரட்டும் என்றேன்.