ஓசி: வெசாக் வாரத்தில் எழுதியவை

2024 மே 19, ஞாயிறு. வெள்ளவத்தை

பிற்பகல் ஐ.பி.எல். ஆட்டம். கீழ்வீட்டுப் பெடியனும் என் மகனும் வழக்கம்போல ஒரே பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய் வைத்தேன். அவன் இரண்டாவதை எடுத்தபோது மகன் சிரித்துக்கொண்டே, "இவன் எப்பவும் ஓசிதான் அம்மா. வைஃபையும் ஓசி, ரோல்ஸும் ஓசி" என்றான். பெடியனும் சேர்ந்து சிரித்தான். பிறகு கடித்த ரோல்ஸைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். இரண்டு ஓவர் போனதும், "அம்மா தேடுவா, அன்ரி" என்று எழும்பிப் போய்விட்டான்.

மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு, அலைந்து திரிந்து அடுத்த வருடம் கொழும்புக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. உறவினர் ஒருவர் வீட்டு விறாந்தையில் படுத்தோம். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஓசிச்சோறு?" என்று ஓர் இரவு குசினிக்குள் இருந்து குரல் கேட்டது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தனக்குப் பசியில்லை என்றார்.

மே 20, திங்கள்

தெஹிவளையில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். ஓசி எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். கிழக்கிந்தியக் கும்பினியின் கடிதங்களுக்குத் தபால் கூலி இல்லையாம். 'ஆன் கம்பனி சர்வீஸ்' என்று உறையில் எழுதினால் போதும். அதன் சுருக்கமான 'ஓ.சி.' ஓசியாகிவிட்டது என்பதுதான் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை.

"எங்கட பக்கம் கும்பினி நிண்டதே கொஞ்சக் காலம் பிள்ளை" என்றார். சரிதான். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள், 1802இல் இலங்கை நேரடியாக முடிக்குரிய குடியேற்ற நாடாகிவிட்டது. இங்கே முதல் முத்திரை வந்ததே 1857இல். 1895இல் அரசாங்கக் கடிதங்களுக்கான முத்திரைகளில் 'ஆன் சர்வீஸ்' என்று மேலே அச்சடித்தார்கள், அதில் கம்பனி இல்லை. அதனால் இந்தச் சொல் சென்னைப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் வேலைசெய்த 'கந்தோர்' ஒல்லாந்தச் சொல். நாங்கள் வாயில் வைத்துக்கொண்டு திரிகிற சொற்கள் எத்தனை கப்பலில் வந்து இறங்கியவை!

ஆனால் போனை வைத்த பிறகும் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. கதைப்படி பார்த்தால் முதல் ஓசிக்காரன் கும்பினிதான். நாட்டையே ஆண்டவன் கூலி கொடாமல் கடிதம் அனுப்பினான். அந்தப் பெயர் எப்படி விறாந்தையில் படுத்தவர்கள் தலையில் வந்து விழுந்தது?

மே 22, புதன்

மத்தியானம் காலி வீதிச் சாப்பாட்டுக் கடையில் இடியப்பம். சொதி முடிந்ததும் பரிமாறுகிற தம்பி கேட்காமலே வாளியோடு வந்து ஊற்றினார். சம்பலும் வந்தது. அதற்குக் காசில்லை, ஆனால் அதை யாரும் ஓசிச் சொதி என்பதில்லை. பக்கத்து மேசைக்காரர் மற்றவருடைய பேப்பரை இழுத்துப் படித்தபோது மட்டும், "ஓசிப் பேப்பரோ?" என்று கேட்டார்கள்.

காசு கொடாமல் கிடைப்பதற்கு எங்களிடம் எத்தனை சொல்! கடைக்காரர் கறிவேப்பிலையைப் பையில் போட்டு "சும்மா கொண்டு போங்கோ" என்பார். சிங்களத்தில் அதையே 'நிகங்' என்பார்கள், அதற்கும் சும்மாவைப் போலவே வேலையில்லாமல் இருப்பது, காசில்லாமல் கிடைப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. இனாம் அரபியில் இருந்து வந்தது, கொடுப்பவரின் கை தெரிகிற சொல். இலவசம் அறிவித்தல் பலகைக்குரியது. ஓசியில்தான் வாங்குபவரின் முகம் தெரிகிறது, அதுவும் குனிந்த முகம். தன்னைப் பற்றி "நான் ஓசியில படம் பார்த்தன்" என்று சொன்னால் அது குதூகலம். மற்றவரைப் பார்த்துச் சொன்னால் அடி.

மே 23, வியாழன். வெசாக்

பின்னேரம் பெடியன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். கீழ்வீட்டுப் பிள்ளை முதலில் வரமாட்டேன் என்றான். அவன் தாயிடம் சொல்லித்தான் அழைத்துப்போனேன். வெசாக்குக்கு வருவோர் போவோருக்கெல்லாம் காசு வாங்காமல் சாப்பாடும் குடிபானமும் கொடுக்கும் பந்தல்தான் தன்சல். அதற்கு நீண்ட வரிசை. இளைஞர்கள் கொடியை ஆட்டி பஸ்ஸை மறித்து, ஓடி ஓடிக் கோப்பைகளை நீட்டினார்கள். காரில் வந்தவரும் முச்சக்கரவண்டிக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். கொடுப்பவர்கள்தான் கும்பிட்டுக் கொடுத்தார்கள், "எடுங்க, எடுங்க" என்று கெஞ்சினார்கள். முருகனின் ஆடிவேல் திருவிழாவுக்கும் அப்படித்தானே, அன்னதானத்தில் உட்கார்ந்தவரை ஓசி என்றால் நாக்கு அழுகிவிடும் என்பார் அம்மா.

ஐஸ்கிரீம் கோப்பையோடு மகன், "இதுவும் ஓசிதானே?" என்று கேட்டான். "யாராவது அப்படிச் சொன்னவங்களா?" என்றேன். வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் 1996ஐ அவனுக்கு முதல்தடவையாகச் சொன்னேன்.

மே 26, ஞாயிறு

இறுதி ஆட்டம். மகன் தானே கீழே போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். ஹைதராபாத் 113க்குச் சுருண்டது, சத்தம் வீடு கொள்ளவில்லை.

பெடியன் வரும்போது கச்சான் சரை ஒன்று வாங்கி வந்திருந்தான். தன் காசில். பாயின் நடுவில் வைத்து, "எடுங்கோ அன்ரி" என்றான். ஆட்டம் முடியும்வரை ரோல்ஸ் தட்டுப் பக்கம் அவன் கை போகவே இல்லை.