முதல் இரண்டு மில்லி

கூடாத எலும்பு முறிவில் செலுத்துவதற்காக இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊசியை இறக்கி மஜ்ஜை எடுக்கும்போது, ஓரிடத்திலிருந்து இரண்டு மில்லிக்கு மேல் இழுக்க வேண்டாம் என்று என்னிடம் பயிலும் இளம் மருத்துவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். முதலில் வருவதுதான் மஜ்ஜை. அதற்குப் பிறகு சிரிஞ்சை நிரப்புவது பெரும்பாலும் சுற்றியுள்ள நாளங்களிலிருந்து வந்து சேரும் சாதாரண இரத்தம். பார்வைக்கு இரண்டும் ஒரே சிவப்பு. பயிற்சிக் காலத்தில் நானே ஒரு துளையிலிருந்து இருபது மில்லி வரை இழுத்துவிட்டு, வேலை விரைவாக முடிந்தது என்று நிறைவடைந்திருக்கிறேன். அமெரிக்காவின் க்ளீவ்லேண்டிலிருந்து மஷ்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் மஜ்ஜை எடுக்கும் அளவைப் பற்றி 1997-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான், அந்த நோயாளிகளுக்கு நான் செலுத்தியதில் பெரும்பகுதி நீர்த்துப்போன இரத்தம் என்பது உறைத்தது. அந்த வருத்தம் இன்றும் மாறவில்லை.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதை பிரான்சில் எலும்பு அறுவை மருத்துவர் எர்னிகூ 2005-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்து கூடாமல் போன 60 பேருக்கு, அவரவர் மஜ்ஜையையே செறிவூட்டி முறிவிடத்தில் செலுத்தினார்கள். 53 பேருக்கு எலும்பு கூடியது. கூடாத 7 பேருக்குச் செலுத்தியதில் எலும்பை உருவாக்கும் மூலச்செல்களின் (ஸ்டெம் செல்) செறிவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மஜ்ஜையிலேயே அத்தகைய செல் ஏறத்தாழ முப்பதாயிரத்துக்கு ஒன்றுதான் என்னும்போது, அதையும் நம் அவசரத்தால் இழப்பது பெரும் பிழை.

சென்ற ஆண்டு, சரக்கு வாகனம் ஓட்டும் ஒருவர் வந்தார். காலில் முறிவு ஏற்பட்டு ஒன்பது மாதமாகியும் எலும்பு கூடவில்லை. முன்பு பொருத்திய தகட்டின் திருகுகள் தளர்ந்திருந்தன. "சார், ஸ்டெம் செல் ஊசி போட்டா கூடிரும்னு சொல்றாங்களே, அத மட்டும் போட்டு விட்டுருங்க, இன்னொரு ஆபரேஷன் வேண்டாம்" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. அப்படித்தான் விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல் சிகிச்சைகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. அதைவிட அடிப்படையான தடை ஒன்றும் இருந்தது. ஆடிக்கொண்டிருக்கும் எலும்புக்கு நடுவே எத்தனை லட்சம் செல்களைச் செலுத்தினாலும் அங்கே எலும்பு உருவாகாது, நார்த்திசுதான் வளரும். இதைப் படம் வரைந்து விளக்கிய பிறகு அவர் அறுவைக்கு இசைந்தார். பீடியையும் நிறுத்தச் சொன்னேன்.

தகட்டை எடுத்துவிட்டு எலும்பின் உட்குழலில் கம்பியைப் பொருத்தினோம். முறிவின் இரு முனைகளிலும் இருந்த செத்த எலும்பைச் சீவிக்கொண்டே போனபோது, தந்தம்போல் வெளுத்திருந்த பரப்பில் மிளகாய்ப்பொடி தூவியதுபோலச் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. இரத்த ஓட்டம் உள்ள எலும்பை எட்டிவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். அந்தப் புள்ளிகளைக் காணும்வரை எனக்கு நிம்மதி வருவதில்லை.

பிறகு ஊசியைத் திருப்பியும் இடம் மாற்றியும் இரண்டிரண்டு மில்லியாக மஜ்ஜை சேர்த்து, சுழற்சிக் கருவியில் செறிவூட்டி, எலும்பின் இடைவெளியை நிரப்பும் பொருளான பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் குருணைகளில் ஊற்றினோம். வெள்ளைக் குருணை சிவந்து, புட்டுக்குப் பிசிறிய மாவின் பதத்துக்கு வந்ததும் இடைவெளியில் வைத்தோம். இந்தப் பொருளை நான் விரும்புவதற்குக் காரணம், அதன் நுண்துளைகளுக்குள் புதிய இரத்த நாளங்கள் நுழைய முடிவதும், மாதங்கள் செல்லச் செல்ல அது கரைந்து எலும்புக்கு இடம் விடுவதும்தான். இதே வேலைக்குப் பயன்படும் இன்னொரு பொருளான ஹைட்ராக்ஸிஅபடைட் பல ஆண்டுகள் கரையாமல் அப்படியே தங்கிவிடும். எடை தாங்கும் காலில், குறிப்பாக இளம் வயதினருக்கு, நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஐந்தாம் மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் குருணைகளின் உருவம் மங்கி, எலும்பின் நான்கு பக்க விளிம்புகளில் மூன்றில் எலும்பு பாலமிட்டிருந்தது. அதில் எவ்வளவு பங்கு செல்களுடையது, எவ்வளவு பங்கு அசையாமல் பிடித்த கம்பியுடையது, எவ்வளவு பங்கு அவர் கைவிட்ட பீடியுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவரிடமும் அப்படியே சொன்னேன். பின்விளிம்பில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு மீதமிருக்கிறது. அடுத்த படத்துக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அவர் கைத்தடியோடுதான் நடக்க வேண்டும்.