ஹாமில்டனின் தையல்காரர்

மூலை சரியாகப் பொருந்தாத ஒரு துணிச் சதுரத்தைக் காட்டி, "பரவாயில்லை, அப்படியே தைத்துவிடலாம்" என்ற பொருள்படச் சிரித்துக்கொண்டே, போர்வை தைக்கக் கற்றுத்தரும் ஜென்னி டோன் பேசும் காணொளியை இன்று காலை பார்த்தேன்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஹாமில்டன் என்ற சிற்றூரில் வாழ்பவர் அவர்.

துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வைக்கு உள்ளே பஞ்சு வைத்து இறுதித் தையல் போட்டுத் தருபவரிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், 2008-இல் அவருடைய பிள்ளைகள் அதற்கான பெரிய இயந்திரத்தையே வாங்கிவிட்டார்கள். அப்படித்தான் மிசௌரி ஸ்டார் என்ற குடும்பத் தொழில் பிறந்தது.

வியாபாரம் மெதுவாகவே நகர்ந்தது. மகன் கேட்டுக்கொண்டதால் ஜென்னி யூடியூபில் இந்தப் போர்வைத் தையலைக் கற்பிக்கத் தொடங்கினார்.

ஒரே அளவில் முன்னரே வெட்டப்பட்ட துணிகளைக் கொண்டு அவர் கற்பித்ததால், அளப்பதற்கும் வெட்டுவதற்கும் அஞ்சி ஒதுங்கியிருந்தவர்களும் துணிந்து ஊசியை எடுத்தார்கள். இந்த வெற்றிக்கு இணையத்தைக் காரணம் சொல்வார்கள். கற்பவரின் அச்சத்தை அறிந்த ஆசிரியைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜே.சி. பென்னி என்ற பெருவணிகர் 1875-இல் பிறந்த ஊரும் ஹாமில்டன்தான். அவருடைய கடைகள் நாடெங்கும் பரவின. ஜென்னியின் குடும்பமோ, பிரதான வீதியின் பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாகத் துணிக்கடைகளாக்கி, உலகெங்குமுள்ள தையல் ஆர்வலர்களை ஹாமில்டனுக்கே வரவழைத்தது.