ஹார்ட்நாட் ஏற்றத்தில் இரண்டு கார்கள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஆம்பிள்சைடிலிருந்து மேற்கே எஸ்க்டேல் போகிற ஒற்றைத்தடப் பாதை ரைனோஸ், ஹார்ட்நாட் என்று இரண்டு கணவாய்களை அடுத்தடுத்து ஏறி இறங்குகிறது. ஹார்ட்நாட்டில் சில இடங்களில் மூன்றடி போனால் ஓரடி ஏற்றம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கேதான் கூட்டிப்போனேன். எங்களுக்கு முன்னால் நண்பன், கூரையை மடித்துவிட்டு, தன் 1972 எம்.ஜி. மிட்ஜெட் என்ற இரண்டு சீட்டு குட்டி ஸ்போர்ட்ஸ் காரில்.

என்னுடையது வால்வோ எக்ஸ்சி90 என்ற பெரிய எஸ்.யு.வி. ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், 2 டன் எடை, பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் 2 மீட்டருக்கு மேல் அகலம். ரைனோஸ் ஏற்றம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குத்தான் வேர்த்தது. லிட்டில் லாங்டேலில் இரண்டு பக்கமும் கற்சுவர். சென்சார் விடாமல் கத்திக்கொண்டே வந்தது. மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் பானெட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "வானம்தான் தெரியுது, ரோடு எங்கடா?" என்றார் அப்பா. திரையில் கேமரா காட்டியது. அவர் அதை நம்பவில்லை.

இரண்டு கணவாய்களுக்கும் நடுவே, காக்லி பெக் பாலத்தருகே கார்களை மாற்றிக்கொண்டோம் (இன்சூரன்ஸில் என் பெயரையும் நண்பன் முன்பே சேர்த்திருந்தான்). மிட்ஜெட்டில் ஏறுவது என்ற பேச்சே இல்லை, இறங்கித்தான் உட்கார வேண்டும். அகலம் 1.4 மீட்டர், எடை சுமார் 700 கிலோ, குதிரைத்திறன் 65. அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற சோக் குமிழைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருஷம் அம்பாசடர் ஓட்டியவர். அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் காரின் பிள்ளை. எம்.ஜி. என்பதும் மாரிஸ் கராஜஸ். ஒருவகையில் பங்காளிகள்.

ஹார்ட்நாட்டில் சுவரைப் பற்றிய கவலை போய், பானெட்டுக்குள் இருப்பதைப் பற்றிய கவலை வந்தது. 1275 சிசி எஞ்சின் முக்கி முனகி ஏறியது. இந்த கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்களைச் சம வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அமைப்பு, கிடையாது. ஓடும்போது போட்டால் பற்கள் நறநறக்கும். "டபுள் கிளட்ச் போடுடா!" என்று அப்பா கத்தினார். கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்ஸிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி மிதித்து முதல் கியர். விழுந்தது. வெப்பமானி முள் ஏறியதும் ஹீட்டரை முழுதாகத் திறக்கச் சொன்னதும் அவர்தான். ரேடியேட்டர் சூடு எங்கள் காலுக்கு இறங்கியது. அடுத்த வளைவில் மனிதர் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று, "ஒண்ணும் வரல, போ" என்றார். எனக்கு அந்தக் கேமரா போதும்.

எதிரே என் வால்வோ மாதிரியே ஒரு வண்டி இறங்கி வந்தது. ஏறுகிறவருக்கு வழிவிடுவதுதான் இங்கே விதி. ஆனால் அவரால் அந்தச் சரிவில் பின்னால் ஏற முடியாது. நான் புல்லோரம் ஒதுங்கினேன். ஒரு சாண் இடைவெளியில் போனார். ஹெர்ட்விக் ஆடு ஒன்று அசை போட்டபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

உச்சி தாண்டி இறங்குகையில் பேரரசர் ஹாட்ரியன் காலத்து ரோமானியக் கோட்டை. பிரேக் ஆறட்டும் என்று நிறுத்தினேன். டால்மேஷியாவிலிருந்து, அதாவது இன்றைய குரோஷியக் கடற்கரையிலிருந்து வந்த படை இங்கே காவல் இருந்ததாம். இந்தக் குளிரில் என்ன பாடுபட்டார்களோ!

"இதுதாண்டா கார். உன்னுது கப்பல்" என்று அப்பா சொல்லி முடிக்கவில்லை, தூறல் பிடித்தது. பின்னால் நண்பன் வால்வோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். அப்பா யோசிக்கவே இல்லை. விறுவிறுவென்று போய் ஏறி, கதவைச் சாத்தி, சீட்டைச் சூடாக்கச் சொல்லிவிட்டார். நானும் நண்பனும் மிட்ஜெட்டின் துணிக்கூரையோடு மல்லுக்கட்டி நனைந்துகொண்டிருக்க, கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தார்.